துடைத்ததில் போன தடயம்

சர்வர் தகராறு செய்தால் முதல் வேலையாக ரீஸ்டார்ட் செய்துவிடுவோம். அது ஓடிவிடும், ஏன் நின்றது என்கிற தடயமும் கூடவே போயிருக்கும். நைட்ரிக் ஆக்சைடின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு இந்த வழக்கம்தான் ஞாபகம் வந்தது.

அசிட்டைல்கோலின் உடலுக்குள் ரத்தக்குழாயை விரிக்கும். ஆனால் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வு மேசையில், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய கீற்றை அது சுருக்கியது. 1950களிலிருந்து இப்படித்தான். 1978இல், புரூக்ளினில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் செய்முறையைப் பிசகிச் செய்துவிட, குழாய் விரிந்தது. காரணத்தைத் தோண்டினால், அத்தனை வருஷமும் கீற்றைத் தயாரிக்கும்போதே அதன் உள்பக்கம் உரசி, எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கு உதிர்ந்துபோயிருக்கிறது. விரியச் சொல்லும் செய்தி அந்த அடுக்கிலிருந்துதான் கிளம்புகிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு வாயுதான் என்று 1987 வாக்கில் தெளிவானது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல்.

வாயு ஒரு நொதியிலுள்ள இரும்பில் ஒட்டுகிறது, நொதி விழிக்கிறது, தசை தளர்கிறது. கதை இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1992இல் ஜோனதன் ஸ்டாம்லர் குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். புரதங்களில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்திலும் நைட்ரிக் ஆக்சைடு போய் ஒட்டும். இதன் பெயர் எஸ்-நைட்ரோசைலேஷன். இதன் விளைவு சின்னதல்ல. செல் தன்னையே கொன்றுகொள்ள உதவும் கேஸ்பேஸ்-3 நொதியின் வேலை, ஒரே ஒரு சிஸ்டைனில் இது ஒட்டியதும் நின்றுபோகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பிணைப்பு ரொம்பப் பலவீனமானது. வெளிச்சம் பட்டாலே உடையும். புரதம் கெடாமலிருக்க ஆய்வகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் டிடிடி போன்ற வேதிப்பொருளும் அதை உடைத்துவிடும். மறுபடியும் அதே கதை: தயாரிப்பிலேயே தடயம் போய்விடுகிறது.

2001இல் ஜாஃப்ரி, ஸ்னைடர் குழுவினர் இதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெறுமனே இருக்கும் கந்தகங்களை முதலில் அடைத்துவிட வேண்டும். பிறகு அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி, சேர்த்து நைட்ரிக் ஆக்சைடை மட்டும் கழற்ற வேண்டும். அது காலிசெய்த இடத்தில் பயோட்டினை ஒட்ட வேண்டும். வந்துபோன ஆளைப் பார்க்க முடியாது, உட்கார்ந்திருந்த இடத்தைக் குறித்துவைக்கலாம். நரம்பு செல்களில் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி இல்லாத எலிகளின் மூளையில், பல புரதங்களில் அந்தக் குறியே விழவில்லை. ஆக, மற்ற எலிகளில் விழுந்த குறி ஆய்வகத்துக் குளறுபடி அல்ல, உடலே இட்டது.

இதைப் படித்ததிலிருந்து, ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக் ஃபைலை ஒரு நகல் எடுத்துவைக்கிறேன்.