மாணவரின் ஏட்டில் ஆசிரியரின் பெயர்

முதுநிலைக் கல்வியிலும் ஆய்விலும் ஈடுபடும் மாணவருக்கு நெறிகாட்டிய பேராசிரியர்களையும் துணைநின்ற அலுவலர்களையும் பாராட்டி விருது வழங்கும் வழக்கம் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நிலவுகின்றது. ஒரு மாணவனை அறிஞனாக உருவாக்கிய கரங்களை இனங்கண்டு போற்றும் மரபோ இவ்விருதுகளுக்கு மிக முற்பட்டதாகும். இஸ்லாமியக் கல்வி வரலாற்றில் அது இரு வழிகளில் நிலைபெற்றிருந்தது. மாணவருக்கு உதவும் பணியைத் தனிப் பதவியாக வகுத்து ஊதியமும் வழங்கிய வக்ஃப் ஏற்பாடு ஒன்று. தமக்குக் கற்பித்தவர்களை மாணவரே பெயர் சுட்டிப் பதிவு செய்த நூல் மரபு மற்றொன்று. இவ்விரண்டையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

நூறு திர்ஹம்கள்

மத்ரஸாக்கள் தோன்றுவதற்கு முன், கல்வி பள்ளிவாசல் வட்டங்களில் நடைபெற்ற காலத்தில், மாணவருக்கான ஆதரவு ஆசிரியரின் தனிப்பட்ட பண்பையே சார்ந்திருந்தது. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ், மறைவு கி.பி. 767) அவர்களின் வட்டத்தில் பயின்ற அபூயூஸுஃப் (ரஹ்) வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். செல்வரான இமாமுடன் அமர்ந்து காலம் கழிக்காமல் பிழைப்பைத் தேடுமாறு தந்தை அவரைக் கடிந்துகொண்டதாகவும், அதனால் அவர் சில நாட்கள் பாடத்திற்கு வரவில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் அறிவிக்கின்றனர்.

இமாம் அவர்கள் மாணவரைப் பற்றி விசாரித்தார்கள். திரும்பி வந்தவரிடம் காரணத்தைக் கேட்டறிந்து, பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர் நூறு திர்ஹம்கள் அடங்கிய பையைக் கொடுத்து, வட்டத்தை விடாது பற்றியிருக்கும்படி அறிவுறுத்தினார்கள். அதன் பின்னர் பணம் தீர்ந்ததென மாணவர் வாய்திறந்து கூற நேர்ந்ததே இல்லை. அதற்கு முன்னரே அடுத்த தொகை வந்து சேர்ந்துவிடும். இம்மாணவரே பிற்காலத்தில் அப்பாஸிய அரசின் தலைமை நீதிபதியாக உயர்ந்து, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை எழுதியவர். இங்கு பணத்தைவிட முதன்மையானது, வராத மாணவனைப் பற்றி ஆசிரியர் விசாரித்தார் என்பதேயாகும்.

பதவியாக மாறிய பண்பு

ஒருவருடைய நற்பண்பை மட்டும் நம்பி ஒரு கல்வி அமைப்பு நீடித்து நிற்க இயலாது. எனவே மத்ரஸாக்கள் பெருகியபோது ‘முஈத்’ என்னும் பதவி தோன்றியது. ‘மீண்டும் கூறுபவர்’ என்பது இச்சொல்லின் பொருள். முதர்ரிஸ் எனப்படும் பேராசிரியர் பாடத்தை முடித்த பின், அதனை மாணவருடன் மீண்டும் ஓதி, விளங்காதவற்றை விளக்குவது இவரது பொறுப்பாகும். நிஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்; மறைவு 1085) அவர்களின் முஈதாகப் பணியாற்றிய அல்கியா அல்ஹர்ராஸி பின்னர் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியரானார். இதிலிருந்து, இப்பதவி ஆசிரியப் பணிக்கான பயிற்சிக் களமாகவும் விளங்கியமை புலனாகின்றது.

1234ஆம் ஆண்டு பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் 62 மாணவர்கள். அவர்களுக்கு 4 முஈதுகள். அதாவது ஏறத்தாழ 15 மாணவருக்கு ஒரு முஈத். நூலகப் பொறுப்பாளரும் அவரின் உதவியாளரும் தனியே நியமிக்கப்பட்டிருந்தனர். மாணவரின் உணவும் எழுதுபொருளும் வக்ஃப் வருவாயிலிருந்து வழங்கப்பட்டன.

மம்லூக் காலத்தில் டமஸ்கஸில் வாழ்ந்த தாஜுத்தீன் அஸ்ஸுப்கி (ரஹ், மறைவு 1370) ‘முஈதுந் நிஅம்’ என்னும் நூலில் பல்வேறு பதவியாளரின் கடமைகளை விவரிக்கையில் முஈதையும் விட்டுவிடவில்லை. பாடத்தைச் செவிமடுப்பதற்கு மேலதிகமாக மாணவருக்குப் பயன் தராத முஈத், பெறும் ஊதியத்திற்குரிய கடமையை நிறைவேற்றியவராகார் என்பதே அவரது கருத்தின் சாரம். அவருக்கு முன்பே இப்னு ஜமாஆ (ரஹ், மறைவு 1333), கற்பித்தல் ஒழுக்கம் பற்றிய தமது நூலில், வராத மாணவரைப் பற்றி விசாரிப்பதையும் நோயுற்றவரைச் சென்று பார்ப்பதையும் தேவையுடையோருக்குப் பொருளாலும் செல்வாக்காலும் உதவுவதையும் ஆசிரியரின் கடமைகளாக எழுதிவைத்தார். அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் செயலில் கண்ட பண்பு இவ்வாறு விதியாகவும் வடிவம் பெற்றது.

மாணவர் எழுதிய நன்றி

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். ‘மஷ்யகா’, ‘முஃஜமுஷ் ஷுயூக்’ என்னும் பெயர்களில், அறிஞர்கள் தம் ஆசிரியர்களின் பெயர்களையும் அவர்களிடம் கற்றவற்றையும் தொகுத்து நூல்களாக்கினர். டமஸ்கஸின் வரலாற்றாசிரியர் இப்னு அஸாகிர் (ரஹ், 1105–1176) இத்தகைய தொகுப்பை எழுதியவர். அவருடைய ஆசிரியர் 1,300 பேர் எனவும், அவர்கள் நீங்கலாக எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடமும் அவர் ஹதீஸ் பயின்றார் எனவும் கூறப்படுகின்றது. மத்ரஸாக்களில் பதவியோ ஊதியமோ பெறாத அப்பெண்களை வரலாறு அறிவது மாணவரின் ஏடுகள் வாயிலாகவேயாகும்.

இமாம் இப்னு ஹஜர் (ரஹ், 1372–1449) அவர்களும் தம் ஆசிரியர்களை அகரவரிசையில் பதிவு செய்தார்கள். தம் ஆசிரியர் ஹைஸமி (ரஹ்) அவர்களின் நூலிலிருந்த பிழைகளைத் தொகுக்கத் தொடங்கிய அவர்கள், அது ஆசிரியரின் மனத்தை வருத்துவதை அறிந்ததும் அம்முயற்சியைக் கைவிட்டார்கள். அவர்களின் மாணவர் ஸகாவி (ரஹ், மறைவு 1497) தம் ஆசிரியரைப் பற்றித் தனிப்பெரும் நூலொன்றை இயற்றினார். அவரே தம் நூற்றாண்டினரின் வரலாற்றை 12 பாகங்களில் எழுதி, இறுதிப் பாகத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒதுக்கினார். மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்ற நபிமொழிப் போதனை இவ்வேடுகளில் செயல்வடிவம் பெற்றிருப்பதைக் காண்கின்றோம்.

இன்றைய நிலை

எகிப்தின் பல்கலைக்கழகங்களில் இளநிலைக் கற்பிப்பாளர் இன்றும் ‘முஈத்’ என்றே அழைக்கப்படுகின்றார். நம் அரபுக் கல்லூரிகள் வழங்கும் பட்டமும் ‘ஸனது’ எனப்படுகின்றது. ஆசிரியர் தொடரைக் குறித்த சொல் அது. சொற்கள் எஞ்சியுள்ளன, அவை சுட்டிய பொறுப்பு எஞ்சியுள்ளதா என்பதே நம் முன்னுள்ள வினா. இன்று ஆசிரியரின் உயர்வு பெரிதும் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றது. இடைநின்றுபோகவிருந்த மாணவனை அழைத்துப் பேசிய ஒரு மாலைப்பொழுது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தேடிய நூலை எடுத்துக்கொடுத்த நூலகரும், உதவித்தொகை தடைப்படாமல் கோப்பை நகர்த்திய எழுத்தரும் அவ்வாறே மறக்கப்படுகின்றனர்.

நம் முன்னோர் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. நிறுவனம் அப்பணிக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கியது. மாணவர் அப்பெயர்களை எழுதிவைத்தனர். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகள் முன்னதைச் செய்யலாம். பின்னதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆய்வேட்டின் முகப்பிலுள்ள நன்றியுரைப் பக்கமே இக்காலத்தின் மஷ்யகா. அதனைச் சடங்காகக் கருதாமல், உதவிய ஒவ்வொருவரின் பெயரையும் அவர் செய்த உதவியையும் அங்கு பதிவு செய்தல் ஆய்வு மாணவரின் கடமையாகும்.