ஜிபாங்கு

கைஜி கவாகுச்சி எழுதி வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடர். கொடன்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ வார இதழில் 2000 முதல் 2009 வரை வெளிவந்தது. 43 தொகுதிகள் கொண்டது.

ஜப்பானியக் கடல்சார் தற்காப்புப் படையின் ‘மிராய்’ என்ற ஏவுகணைக் கப்பல் பசிபிக் கடலில் ஒரு விசித்திரப் புயலில் சிக்குகிறது. புயல் விலகும்போது அது 1942 ஜூன் மாதம், மிட்வே போர்க்களம். வரலாற்றில் தலையிடுவதில்லை என்று மாலுமிகள் முடிவெடுக்கிறார்கள். ஆனால் மூழ்கும் விமானத்திலிருந்து குசாகா என்ற கடற்படை அதிகாரியைத் துணைத் தளபதி கதோமாட்சு காப்பாற்றிவிடுகிறார். கப்பலில் இருந்த நூல்களைப் படித்து ஜப்பானின் தோல்வியையும் அணுகுண்டையும் அறிந்துகொள்ளும் குசாகா, வரலாற்றையே மாற்றப் புறப்படுகிறார். கதையின் உயிர்நாடி இதுதான்.

தாக்கப்பட்டாலன்றிச் சுடக் கூடாது என்று பயின்றவர்கள் ‘வாஸ்ப்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் குண்டுவீச்சு விமானங்களை எதிர்கொள்ளும் பகுதி தொடரின் உச்சம். தயக்கத்தால் தோழர்களை இழந்த பிறகே அவர்கள் ஏவுகணையால் ‘வாஸ்ப்’பை மூழ்கடிக்கிறார்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானின் மனச்சாட்சியை இவ்வளவு நேர்மையாக விசாரித்த சித்திரக்கதைகள் குறைவு.

2002இல் கொடன்ஷா மாங்கா விருது பெற்றது. 2004–05இல் 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் வந்தது. மூலக்கதை முடியுமுன்பே அது நின்றுவிட்டது.