ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தில் 1972-இல் 16 அரசுப் பள்ளிகளில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தன. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் பொறுப்பேற்றது.

திட்டத்தின் பாடநூலான ‘பால் வைக்ஞானிக்’ விடைகளைத் தரவில்லை. செய்முறைகளையும் கேள்விகளையும் மட்டுமே தந்தது. மாணவர்கள் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதினார்கள். ஒரே மேசையை அளந்த குழுக்களுக்கு வெவ்வேறு அளவுகள் கிடைத்தபோது ஆசிரியர் ‘சரியான’ எண்ணைச் சொல்லிவிடவில்லை. வேறுபாடு ஏன் வந்தது, எந்த அளவை ஏற்பது என்று வகுப்பே விவாதித்தது. அளவீட்டில் பிழை இயல்பு, முடிவு கூட்டு ஆய்வில் பிறப்பது என்பவற்றைப் போதனையாக அல்லாமல் அனுபவமாகத் தந்ததே திட்டத்தின் பெரும் சாதனை. பொதுத்தேர்விலும் பாடநூலைத் திறந்துவைத்து எழுத முடிந்தது; செய்முறைத் தேர்வும் இருந்தது. மனப்பாடத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அறிவியலாளர்கள் பலர் எதிர்த்தும், 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது.