என்ன சோலி?

மழை விட்ட மறுநாள் கரிசலில் ஜீப்பை இறக்கக்கூடாது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும். தெரிந்தேதான் இறக்கினோம். வெம்பக்கோட்டையில் கண்மாய்க்கரையை ஒட்டிப் போகும் வண்டித்தடம் அது. காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கிற மண், நனைந்தால் களியாகச் சக்கரத்தில் அப்பிக்கொள்கிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து, சின்ன கியரில், அவசரமே இல்லாமல் நகர்த்த வேண்டும். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவள் தன் குழியைத் தானே ஆழமாக்குகிறாள். ஓடைச் சரிவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியபோது நால்வரும் ஒன்றாகக் கத்தினோம். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "என்ன சோலியா வந்தீக?"

"அகழாய்வு மேட்டைப் பார்க்க வந்தோம் ஐயா" என்றேன். தமிழ் வாத்தியாருக்குப் பொருத்தமான பொய்.

பெண்கள் சக்கரம் ஏறிய வரலாற்றை எழுதும்போது நாமும் சோலியைத்தான் முன்னால் நிறுத்துகிறோம். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். தண்ணீர் எடுக்க, விளைச்சலை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அதன் பயன்களை வகுப்பில் அடுக்குவேன். எல்லாம் உண்மை. பிடித்திருந்த கை விட்டதும் சைக்கிள் தானாக ஓடிய அந்த நொடியைப் பற்றி ஒரு வரிகூட நான் சொன்னதில்லை. 2018இல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டமும் வேலைக்குப் போகும் பெண்களுக்கானதாகவே இருந்தது; பாதி விலை அல்லது 25,000 ரூபாய் மானியம் தந்தார்கள். அரசுப் பணம், தேவைக்குத்தானே தர முடியும்? குறை சொல்லவில்லை. ஆனால் சும்மா ஊர் சுற்றும் இளவட்டத்தை யாரும் காரணம் கேட்பதில்லை.

1909இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் மூன்று பெண்களோடு நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கார் ஓட்டினார். 59 நாள் பயணம். பெரும்பகுதி மண்ணும் சேறும். கூட வந்த மூவருக்கும் ஓட்டத் தெரியாது. அதற்கும் ஒரு சோலி இருந்தது: பெண்ணாலும் ஓட்ட முடியும் என்று காட்டி விற்க நினைத்த மாக்ஸ்வெல் கார் கம்பெனியின் விளம்பரம்.

நான் பொய்க்கு இழுத்த அந்த மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. இங்கே யாரோ சோலியற்று உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள்.

திரும்பும்போது சாலைக்குச் சற்று முன்னால் புதைந்துவிட்டோம். பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்று நின்றது. வேலை முடிந்து வந்த பெண்கள் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி மேலேறியதும் கையைக் கழுவாமலே ஒருத்தி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"எங்க விடணும்க்கா?"

"ஒரு எடமும் இல்ல. அந்தச் சகதியில இன்னொருக்கா வுடு பாப்போம்."