டர்போ மகிழுந்தின் வரலாறும் ஒரு பழைய மாணவரின் கேள்வியும்



வழக்கமாக இப்பக்கத்தில் பாடத்திட்டத்தைப் பற்றியும் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியும் எழுதுவேன். இன்று ஒரு மகிழுந்தைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தொழிற்சாலையில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறார். சென்ற பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, இதை வாங்கலாமா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளைக் கடந்த, நீல நிறச் சுபாரு இம்ப்ரெசா டபள்யூஆர்எக்ஸ். டர்போ பொருத்திய சிறிய வகை வேக மகிழுந்து. பணம், அவருடைய சேமிப்பும் தாயார் கூட்டுக் கட்டிச் சேர்த்ததும் ஆகும்.

தாயார் முதல்நாளே என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். "நீங்க சொன்னாதான் சார் கேட்பான். வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை. வரலாறு கற்பிப்பவன் என்பதால், அந்த டர்போ எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம் என்றேன். அன்று பேசியவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன். வளர்ந்த பிள்ளைகளுள்ள பெற்றோர்க்கு என்றேனும் பயன்படும்.

வீணாகும் புகையிலிருந்து பிறந்த எண்ணம்

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் பிறந்தவர் ஆல்ஃபிரட் பூக்கி (1879-1959). எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியே வீணாவதை அவர் கவனித்தார். அந்தப் புகையைக் கொண்டே ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறியால் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தினால் என்ன? காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். இயந்திரத்தின் அளவைப் பெருக்காமலேயே ஆற்றலைப் பெருக்கலாம். இதற்கான காப்புரிமைக்கு அவர் 1905-இல் விண்ணப்பித்தார். இதுவே டர்போவின் தொடக்கம்.

எண்ணம் எளிது, செயல் கடினம். கொதிக்கும் புகையைத் தாங்கிச் சுழலும் உலோகம் அக்காலத்தில் எளிதில் கிட்டவில்லை. 1920-களின் நடுவில்தான் 'பிராய்சன்', 'ஹான்செஷ்டாட் டான்சிக்' என்னும் இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் பூக்கியின் முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைத்திறன் கொண்டிருந்த இயந்திரம் 2,500 குதிரைத்திறனை எட்டியது.

இதனிடையே அமெரிக்காவில் சான்ஃபர்ட் மாஸ் என்னும் பொறியாளர் விமான இயந்திரத்துக்கு டர்போவைப் பொருத்திப் பார்த்தார். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஆகவே இயந்திரமும் சோர்ந்துவிடும். 1918-இல் அவர் லிபர்டி வகை இயந்திரம் ஒன்றைக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் ஓட்டிக் காட்டினார். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆற்றல் மலையுச்சியிலும் கிடைத்தது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கப்பலிலும் விமானத்திலும் டர்போவைப் பேணுவதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தனர். அது சாதாரணக் குடும்பத்தாரின் கைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

1962: ஒரு குப்பி தந்த பாடம்

1962-இல் அமெரிக்காவில் இரண்டு டர்போ மகிழுந்துகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று செவ்ரலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர், மற்றொன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயரின் 3.5 லிட்டர் இயந்திரம் 215 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அழுத்தம் மிகும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனிக் குப்பியில் நிரப்ப வேண்டும். திரவம் தீர்ந்துவிட்டால் டர்போவின் அழுத்தம் குறைக்கப்படும். வண்டி தன் வேகத்தை இழக்கும்.

உரிமையாளர்கள் என்ன செய்தார்கள்? பலர் குப்பியை நிரப்பவே மறந்தனர். பின்னர் 'வண்டி இழுக்கவில்லை' என்று முறையிட்டனர். இறுதியில் பல வண்டிகளிலிருந்து டர்போ கழற்றப்பட்டு, சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. ஈராண்டுகளில் உற்பத்தியும் நின்றது. பொறியாளர் எதிர்பார்த்த கவனம் உரிமையாளரிடம் இல்லாமற்போனதே இதன் பெருங்காரணம்.

1973: கண்ணாடியில் தெரிந்த எழுத்து

அடுத்த பாடம் ஜெர்மனியிலிருந்து. 1973 செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் பிஎம்டபள்யூ 2002 டர்போ அறிமுகமானது. 170 குதிரைத்திறன். அதன் முன்புறத்தில் 'டர்போ' என்ற சொல் இடவலம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. முன்னே செல்பவர் தம் பின்பார்வைக் கண்ணாடியில் அதைச் சரியாகப் படித்து வழிவிட வேண்டும் என்பது நோக்கம். இந்த ஆணவம் பொதுமக்களின் கண்டனத்துக்கு உள்ளாகி, அவ்வெழுத்து விரைவில் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே எண்ணெய் நெருக்கடி தொடங்கியது. மொத்தம் 1,672 வண்டிகளே உருவாயின.

டர்போவை அன்றாட வாழ்வுக்கு ஏற்றதாக்கிய பெருமை சுவீடனின் சாப் நிறுவனத்துக்கு உண்டு. அந்நிறுவனத்தின் 99 டர்போ, 1978-ஆம் ஆண்டுக்கான வண்டியாக விற்பனைக்கு வந்தது. சிறிய டர்போ, அளவோடு அழுத்தம், மிகுந்தால் புகையைத் திருப்பிவிடும் வால்வு. உச்ச வேகத்துக்காக அன்றி, சாலையில் முந்திச் செல்லும் அந்தச் சில நொடிகளுக்காகவே அது வடிவமைக்கப்பட்டது. அடக்கத்தால் டர்போ நிலைபெற்றது எனலாம்.

கார்த்திகை மீன்களின் பெயரில் ஒரு வண்டி

இனி, மாணவர் காட்டிய வண்டிக்கு வருவோம். 'சுபாரு' என்பது ஜப்பானிய மொழியில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பெயர். நம் சங்க இலக்கியம் 'அறுமீன்' என்று போற்றும் அதே கூட்டம்தான். வண்டியின் சின்னத்திலும் ஆறு மீன்களைக் காணலாம். இந்நிறுவனத்தின் முன்னோடி 1917-இல் தொடங்கிய நாகாஜிமா விமான நிறுவனம்.

1992-இல் இம்ப்ரெசா டபள்யூஆர்எக்ஸ் வெளியானது. 1,994 கன சென்டிமீட்டர் இயந்திரம், டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை, 240 குதிரைத்திறன். இம்ப்ரெசாவை ஓட்டிக் கோலின் மெக்ரே 1995-இலும், ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001-இலும், பெட்டர் சோல்பெர்க் 2003-இலும் உலக ரேலி வாகையர் ஆயினர். நம் நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. 2002-இல் மலேசியரான கரம்ஜித் சிங், மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட் வண்டியில், உற்பத்தி மகிழுந்துப் பிரிவில் உலக வாகையர் ஆனார். அந்த ஆண்டுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பணம் சேர்த்து இவ்வகை வண்டிகளைத் தேடுவது வியப்பன்று. என் மாணவர் வாங்க நினைப்பதும் ஒரு வண்டியை மட்டுமன்று, தம் சிறுவயதுக் கனவை.

வரலாறு கேட்கச் சொல்லும் கேள்விகள்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல் சுழல வல்லது. ஒருபுறம் செந்தணலாகும் புகை, மறுபுறம் வெளிக்காற்று. இடையே அதைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் பழையதானால், அல்லது கடுமையாக ஓட்டிய உடனே இயந்திரத்தை அணைக்கும் பழக்கம் இருந்தால், எண்ணெய் கருகிப் படிந்து தாங்கிகள் தேயும். 1962-இல் மறக்கப்பட்டது குப்பித் திரவம். இன்று மறக்கப்படுவது எண்ணெய். மறதி ஒன்றே.

ஆகவே மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, பழைய டர்போ வண்டியை வாங்குகிறவன், முந்தைய உரிமையாளரின் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே வாங்குகிறான். வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்."

பின்னர் இருவரும் ஒரு தாளில் எழுதினோம்.

முதலாவது, எண்ணெய் மாற்றிய பதிவு உண்டா? டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? ஏறத்தாழ 100,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய அந்தப் பட்டை அறுந்தால், வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி இயந்திரமே பாழாகும்.

இரண்டாவது, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சொந்தச் செலவில், விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, டர்போவின் அழுத்தம் கூட்டப்பட்டுள்ளதா? இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அது பதிவு அட்டையில் உள்ளதா? உரிமை மாற்றத்துக்கான பரிசோதனை இயந்திர எண்ணைச் சரிபார்க்கும். டர்போவின் தேய்மானத்தை அளக்காது.

நான்காவது, வாங்கிய பின் ஆகும் செலவு. நம் நாட்டில் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. ஆதலால் டர்போவுள்ள 2 லிட்டர் வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் வரி ஒன்றே. இது மலிவு என்ற மயக்கத்தைத் தரும். ஆனால் இவ்வகை இயந்திரம் உயர்தர எரிபொருளைக் கேட்கும். உதவித்தொகை பெறும் ரோன்95 அன்றி, சந்தை விலையிலான ரோன்97-ஐ நிரப்ப வேண்டும். டயர், பிரேக், காப்புறுதி ஆகியவையும் உண்டு. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே வண்டி வீட்டு வாசலில் நின்றுவிடும்.

ஐந்தாவது கேள்வியை நான் எழுதவில்லை, வாயால் கேட்டேன். "முன்னே செல்பவர் கண்ணாடியில் உன் வண்டி எப்படித் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாய்?" அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

முடிவு

மறுவாரம் அவர் விற்பவரைச் சந்தித்தார். பொருத்திய புகைக்குழாய், சக்கரம், இருக்கை ஆகியவற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசிய அவரால், எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல முடியவில்லை. மாணவர் முன்பணம் கொடுக்காமல் திரும்பினார். பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரு தாளோடு.

நான் உறுதியாக 'வேண்டாம்' என்று சொல்லவில்லையே என்று அவருடைய தாயாருக்கு என்மீது சற்று வருத்தம்தான். அவ்வருத்தம் நியாயமானது. இரவில் பிள்ளை வீடு திரும்பும்வரை விழித்திருப்பவர் அவர், நானல்ல. எனினும் இருபத்தைந்து வயதானவரிடம் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் நெடுநாள் நில்லாது. கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்தவன், நாம் அருகில் இல்லாதபோதும் கேட்பான்.

வகுப்பறையில் நாம் வரலாற்றை ஆண்டுகளாகவும் பெயர்களாகவும் மனனம் செய்விக்கிறோம். ஒரு முடிவை எடுக்கும் வேளையில் அது கைகொடுக்கும் என்பதையும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது காட்டுவோம்.