விருந்தினர் வரும் நாடும் இரவு ஷிஃப்ட் ஊரும்: சர்வதேச விளையாட்டு, குற்றம், பாதுகாப்பு குறித்து மணிமங்கலத்திலிருந்து ஒரு பார்வை

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாதில் நடக்கும் என்று 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் முடிவானது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரிலேயே இந்தியா சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படும்: இந்த நாடு பாதுகாப்பானதா? வெளிநாட்டு ஏடுகள் சந்தேகத்தோடு கேட்கும், நம்மவர்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்கு முன் இது அப்படியே நடந்தது. செப்டம்பர் 19 அன்று ஜமா மசூதி அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் தைவான் நாட்டவர் இருவர் காயமடைந்தனர். இரண்டு நாள் கழித்து ஜவஹர்லால் நேரு மைதானத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அடிபட்டனர். முதல் செய்தியில் விருந்தினர் அடிபட்டார், இரண்டாவதில் வேலையாள் அடிபட்டார். ஆனால் இரண்டு செய்திக்கும் பிறகு எழுந்த கேள்வி ஒன்றுதான்: வீரர்கள் வரலாமா, வேண்டாமா?

விவாதத்தின் இரு தரப்பும் பாதுகாப்பைப் பெறவேண்டியவர் வந்து போகிறவர்தான் என்ற எண்ணத்திலேயே நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. தங்கி உழைப்பவரை நடுவில் வைத்துப் பார்த்தால் எது குற்றம், அதைப் பதிவது யார், எவ்வளவு விரைவாக என்ற கேள்விகள் எல்லாமே மாறிவிடுகின்றன. அப்படிப் பார்ப்பதற்கு மைதானம் இல்லாத ஓர் ஊரையே தேர்ந்துகொள்கிறேன்.

மணிமங்கலம் வரலாற்று நூல்களில் ஒரு போர்க்களம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை எதிர்த்துப் போரிட்ட இடங்களில் ஒன்று. இன்று அது தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கும் இடையே ஷிஃப்ட் ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஊர்களில் ஒன்று. வருவாய்த்துறைக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டம். காவல்துறைக் கணக்கில் 2022 ஜனவரி முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். வேலை பார்க்கும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் இருக்கின்றன. குடியிருக்கும் இடம் ஒரு காவல் அமைப்பிடம், உழைக்கும் இடம் இன்னொன்றிடம். நடுவில் உள்ள சாலையில் பறிகொடுத்தவர் எந்த நிலையத்துக்குப் போவது?

இந்தப் பகுதிக்கும் சர்வதேச விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டு நடந்த மோட்டார் பந்தயங்களுக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த பந்தயத்தடம் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பக்கத்தில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, சாலை மறிப்பு, இரைச்சல், பார்வையாளர் பாதுகாப்பு, சர்வதேச அமைப்பின் சான்றிதழ் என்று வாதங்கள் அடுக்கப்பட்டன. நியாயமான வாதங்கள்தான். கூடவே, இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கும்போது நகரச் சாலை எதற்கு என்ற கேள்வியும் வந்தது. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தடத்தைச் சுற்றி வாழ்பவர்களின் இரவு எப்படி இருக்கிறது என்பது அந்த விவாதத்தில் யாருக்கும் பாதுகாப்புப் பிரச்சினையாகப் படவில்லை.

அந்த இரவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடும். பெரிய கம்பெனிக்காரர்களுக்காவது பஸ் உண்டு. அவர்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகளில் வேலை செய்பவருக்கு ஷேர் ஆட்டோதான், அதுவும் கிடைத்தால். இறங்கிய இடத்திலிருந்து லைன் வீடு வரை விளக்கில்லாத தெருவில் நடக்கவேண்டும். ஊரில் இருக்கும் மனைவியோடு பேச அந்த நேரம்தான் வாய்க்கும் என்பதால் கையில் செல்போன் வெளிச்சம் தெரியும். பைக்கில் வருபவன் பறித்துக்கொண்டு போக இதைவிட வசதியான இலக்கு இல்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்குத் தமிழ் வராது. ஆதாரில் ஊர் முகவரி. செல்போன் பழையதாக வாங்கியது, பில் இல்லை. அரைநாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அவருக்கு உடனடித் தேவை அதே எண்ணில் புது சிம். அதற்கு மனு ஏற்பு ரசீதோ, ஆன்லைனில் எடுக்கும் தொலைந்த ஆவண அறிக்கையோ போதும். இரு தரப்புக்கும் அதுவே சுலபம். இப்படித்தான் வழிப்பறி, தொலைந்த பொருளாகப் பதிவேட்டில் ஏறுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா பறிப்பை 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதும் அதே நாளில் சட்டத்தில் ஏறிவிட்டது. சட்டத்தில் குறையில்லை. அதைக் கேட்டுப் பெறும் வலு இல்லாத புகார்தாரருக்குத்தான் அது எட்டவில்லை. பதிவு குறைவாக இருப்பதால் பகுதி அமைதியாகத் தெரிகிறது. அமைதியான பகுதிக்குக் கூடுதல் போலீஸ் எதற்கு என்று கணக்கு ஓடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாவட்ட அளவோடு நின்றுவிடுவதால் இந்தச் சுழல் வெளியே தெரிவதும் இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன் குற்றம் பற்றி உலகம் அதிகம் விவாதித்த நாடு அது. 2009–10 நிதியாண்டில் மட்டும் அங்கே 16,000க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாகியிருந்தன. அரசு 41,000 போலீசாரைப் போட்டிக்கென்று ஒதுக்கியது. 56 சிறப்பு நீதிமன்றங்களைத் திறந்தது. போட்டி தொடங்கும் வாரத்தில் மகாலீஸ்பர்க் விடுதியில் போர்ச்சுகீசிய, ஸ்பானியப் பத்திரிகையாளர்களிடம் கொள்ளையடித்தவர்கள் பிடிபட்டு, சில நாட்களுக்குள் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். சொவேட்டோவில் பறிகொடுத்த ஒருவர் இந்த வேகத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். போட்டி முடிந்ததும் சிறப்பு நீதிமன்றங்கள் போய்விட்டன. 2011–12இல் 15,600 அளவுக்கு இறங்கிய கொலை எண்ணிக்கை 2022–23இல் 27,000ஐத் தாண்டியது. உலகக் கோப்பைதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையின்மை, துப்பாக்கிப் புழக்கம் எனக் காரணங்கள் பல. அந்தச் சிறப்பு நீதிமன்றங்கள் நிரூபித்தது வேறொன்று: விரைவாக விசாரிக்க அரசுக்கு முடியும். யாருக்காக அந்த வேகம் என்பதுதான் முடிவெடுக்கப்பட்ட விஷயம்.

தமிழ்நாடும் தன் திறனைக் காட்டிய மாநிலம்தான். உக்ரைன் படையெடுப்புக்குப் பின் மாஸ்கோவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாடு 2022 மார்ச்சில் சென்னைக்கு வந்தது. நான்கு மாத அவகாசத்தில், 180க்கும் மேற்பட்ட நாட்டு அணிகளை அழைத்து ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் குறையில்லாமல் நடத்திக்காட்டினோம். அதில் எனக்கும் பெருமை உண்டு. அதனால்தான் 'ஆளில்லை, நிதியில்லை' என்ற பதிலைத் தொழிற்பகுதி கேட்கும்போது ஏற்க முடியவில்லை.

தொழிற்பகுதியில் போலீஸ் கவனமே இல்லை என்பதும் சரியல்ல. தொழிற்சாலைக் கழிவுப் பொருள் வியாபாரம், அதாவது ஊர்வாயில் 'ஸ்கிராப்', கோடிகள் புழங்கும் தொழில். அந்த ஒப்பந்தத்தை யார் எடுப்பது என்பதில் கும்பல் மோதலும் கொலையும் நடந்திருக்கின்றன. 2022 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்கென்று ரவுடி ஒழிப்புத் தனிப்படையே அமைக்கப்பட்டது. முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு உணர்வு வரவேண்டும் என்பதே அதன் பின்னிருந்த கவலை. 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் தாம்பரம் ஆணையரகத்துக்குட்பட்ட கூடுவாஞ்சேரி அருகே இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். வாகனச் சோதனையில் தாக்கினார்கள் என்பது போலீஸ் தரப்பு. என்கவுன்ட்டர் செய்திக்குக் கைதட்டுபவர்களை நான் அறிவேன். ஆனால் நீதிமன்றம் பார்க்காத எந்தத் தண்டனையும் லைன் வீட்டுத் தெருவைப் பாதுகாப்பாக்கியதில்லை. ஸ்கிராப் ஒப்பந்தங்களை நிறுவனங்கள் வெளிப்படையான ஏலத்தில் விட்டாலே கும்பலின் வருமானத்தில் பாதி அடிபடும். ஆளைத் துரத்தும் வேலை அந்தப் பணவழியைத் தொடவில்லை.

அடுத்து, விவாதத்தில் குற்றமாகவே எண்ணப்படாத குற்றம். 1982 ஆசிய விளையாட்டுக்காக (ஆசியாட்) டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டியபோது, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து அழைத்துவரப்பட்ட கூலிகளுக்கு நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. அதில் ஒரு ரூபாயை, ஆள் பிடித்துத் தரும் ஜமாதார் பிடித்துக்கொண்டு 8.25 கொடுத்தார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதிகள் பகவதி, பஹாருல் இஸ்லாம் அமர்வு வழங்கிய தீர்ப்பு இன்றும் உலகுக்கு முன்மாதிரி: குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு, பசிதான் அந்தக் கட்டாயம், ஒப்பந்ததாரர் மீது பழிபோட்டு அரசு நழுவ முடியாது. அதாவது, சர்வதேசப் போட்டிக்குத் தயாராகும் நாட்டில் குற்றம் என்றால் என்ன என்பதற்கு இந்தியாவின் உச்ச நீதிமன்றம் நாற்பதாண்டுகளுக்கு முன்பே விளக்கம் தந்துவிட்டது. பிடித்துக்கொண்ட அந்த ஒரு ரூபாயும் அதில் அடக்கம். 2010 போட்டிகளின்போது டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழு, அருந்ததி கோஷ் தலைமையில், மீண்டும் கூலிக் குறைப்பையும் பாதுகாப்பின்மையையும் கண்டு எழுதவேண்டியிருந்தது வருத்தமான தொடர்ச்சி.

அந்த ஜமாதார்தான் இன்று ஒரகடத்தில் மேன்பவர் கான்ட்ராக்டராக இருக்கிறார். பி.எஃப். பிடிப்பார், கட்டினாரா என்பது தொழிலாளிக்குத் தெரியாது. கடைசி மாதச் சம்பளம் வராமலே ஊர் திரும்புபவர்கள் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. கிளாஸ்கோ முடிவுக்கு ஐந்து நாள் முன்பு. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்த 20 பேர் போதும் என்றிருந்தது 50 ஆனது. மாநிலம் விட்டு வந்தோருக்கான பாதுகாப்பு 5 பேரிலிருந்து 10 பேர் உள்ள இடத்துக்குப் போனது. சின்ன கான்ட்ராக்டர்களை நம்பியே பெரிய வேலை நடக்கும் இந்த நாட்டில், மைதானம் கட்டும் காலம் தொடங்கும்போதே வலையின் கண் அகலமாகிவிட்டது.

பெண் தொழிலாளர் பாதுகாப்பிலும் இதே பாடம். 2021 டிசம்பரில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றின் உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனபின், சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அன்று அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகக் கையாளப்பட்டது. பலரைப் போலீஸ் பிடித்துச் சென்றது. ஆனால் கோரிக்கையின் நியாயத்தை அரசே பின்னர் ஏற்றது என்றுதான் கொள்ளவேண்டும்: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் சாலைக்கு வந்திராவிட்டால் இவ்வளவு விரைவில் அது வந்திருக்குமா என்பது என் ஐயம்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்கவேண்டும். விருந்தினர் சில நாளே இருப்பவர், ஊர் தெரியாதவர். அவருக்கு முன்னுரிமை தருவது முறைதானே என்பார்கள். ஊர் தெரியாமை, மொழி தெரியாமை, புகார் கொடுக்க நேரமின்மை, எல்லாமே மணிமங்கலத்தில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் பொருந்துகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, தமிழகக் காவல்துறை இந்தியில் விளக்கம் கொடுத்தது, உதவி எண்கள் அறிவித்தது, அதிகாரிகள் குடியிருப்புகளுக்கே போய்ப் பேசினார்கள். நாள்கணக்கில் நடந்தது அது. மாநிலத்தின் பெயர் கெடும் என்ற அச்சத்தில் செய்ததை, ஒருவரின் செல்போனும் சம்பளமும் போகும்போதும் செய்யலாம்.

போட்டிகள் வேண்டாம் என்பதும் என் நிலைப்பாடு அல்ல. உலகத்தின் பார்வை படும் காலம் பேரம் பேசும் காலம். நம் ஊர்க்காரர்கள் பெருந்தொகையாக உழைத்த கத்தாரில், 2022 உலகக் கோப்பைக்கு முன் எழுந்த விமர்சனங்களின் அழுத்தத்தில்தான் வேலை மாற முதலாளியின் ஒப்புதல் தேவை என்ற விதி நீங்கியது. 2021 மார்ச்சில் எல்லா நாட்டவருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் வந்தது. குறைகள் மீதியிருந்தாலும் அது சட்டமாக நின்றது.

ஆகவே, 2030க்கான ஏற்பாடுகளில் பந்தோபஸ்துத் திட்டத்தோடு சேர்த்து வைக்கவேண்டியவை தெளிவானவை. போட்டிக்காகக் கட்டும், வாகனமும் கருவியும் தரும் நிறுவனங்களின் துணை ஒப்பந்தங்கள் வரை கூலிப் பதிவேட்டைத் தணிக்கை செய்ய, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் பார்வையாளர்கள் வேண்டும். ஆசியாட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அப்படி மூவரை நியமித்தது. குற்றப் புள்ளிவிவரம் காவல் நிலைய வாரியாக, மனு ரசீது எத்தனை, முதல் தகவல் அறிக்கை எத்தனை என்று மாதாமாதம் வெளிவரவேண்டும். இந்தி, ஒடியா, வங்கம் தெரிந்த ஒருவர் தொழிற்பகுதி நிலையங்களில் இரவுப் பணியில் இருக்கவேண்டும். இவற்றை அகமதாபாதுக்கு மட்டும் கேட்டால் போதாது. வேலை எந்த மாநிலத்தில் நடக்கிறதோ அங்கெல்லாம் கேட்கவேண்டும். ஆசியாட் தீர்ப்பு வந்த நாளில் தொடக்க விழாவுக்கு இரண்டே மாதம் இருந்தது. கூலியை இழந்தவர்களில் பலர் வேலை முடிந்து ஊர் திரும்பியிருப்பார்கள். அகமதாபாதின் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் கட்டம் இப்போதுதான் தொடங்குகிறது.