ஒரே தொகை, வெவ்வேறு கட்டணம்: கார்டு வணிகத்தின் ஒரு கணக்கு வரலாறு

ஒரே கடையில் ஒரே தொகைக்கு நீட்டப்படும் இரு கார்டுகளுக்கு வணிகரிடம் வெவ்வேறு கட்டணம் பிடிக்கப்படுவதன் காரணம், அமெரிக்க வங்கிகள் தமக்குள் வகுத்துக்கொண்ட பங்கீட்டு முறையின் வரலாற்றில் உள்ளது. 1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களிடம் தொகையில் 7 விழுக்காட்டைப் பெற்றது. கார்டை வழங்கியதும் வணிகருக்குப் பணம் தந்ததும் ஒரே நிறுவனம் என்பதால் பங்கீட்டுச் சிக்கல் எழவில்லை. 1958இல் ஃபிரெஸ்னோவில் பாங்க் ஆஃப் அமெரிக்கா அறிமுகப்படுத்திய கார்டு 1966 முதல் பிற வங்கிகளுக்கும் உரிமமாக வழங்கப்பட்டபோது, வாடிக்கையாளரின் வங்கியும் வணிகரின் வங்கியும் வேறு வேறாயின. வணிகரிடம் பிடித்த கழிவை கார்டு வழங்கிய வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்றிருந்த விதி, அதைக் குறைத்துக் காட்டும் ஆசையைத் தூண்டியதால், 1971இல் பொதுவான ‘இன்டர்சேஞ்ச்’ கட்டணம், அதாவது வணிகரின் வங்கி கார்டு வழங்கிய வங்கிக்குச் செலுத்தும் தொகை, வரையறுக்கப்பட்டது.

காலப்போக்கில் இக்கட்டணம் கார்டின் வகை, கடையின் தொழில், கார்டு நேரில் காட்டப்பட்டதா என்பனவற்றுக்கு ஏற்பப் பல விகிதங்களாகக் கிளைத்தது. வாடிக்கையாளர் பெறும் வெகுமதிப் புள்ளிகளுக்கான செலவின் பெரும்பகுதியை, அக்கார்டை மறுக்க இயலாத வணிகரே சுமந்தார். இது நியாயமான ஏற்பாடன்று.

இதைச் சீர்செய்ய வந்த, டர்பின் திருத்தம் எனப்படும் அமெரிக்கச் சட்டவிதியின்படி, 2011 அக்டோபரில், 1000 கோடி டாலருக்குக் குறையாத சொத்துடைய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு 21 சென்ட்டுடன் 0.05 விழுக்காடு என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. பெரிய விற்பனைகளுக்கு அது நிம்மதி அளித்தது. ஆனால் சிறு தொகைகளுக்கு முன்பிருந்த சலுகை விகிதங்களை கார்டு வலையமைப்புகள் கைவிட்டு, உச்சவரம்பையே கட்டணமாக்கியதால், 2 டாலர் காபிக்கு முன்பு பத்து சென்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்த கடைக்காரர் ஏறத்தாழ 21 சென்ட் கொடுக்க நேர்ந்தது. வணிகரைக் காக்க எழுதப்பட்ட விதி சிறு வணிகரையே தாக்கியது பெரும் குறையாகும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் வேறு வழியைக் கையாண்டது: இயந்திரத்தில் தேய்க்கப்படும் டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள வணிகர்களிடம் 0.40 விழுக்காடும் மற்றவர்களிடம் 0.90 விழுக்காடும் பிடிக்கப்படும் கட்டணத்தின் உச்சமாக்கப்பட்டன. ஒரு பரிமாற்றத்துக்கு முறையே 200, 1000 ரூபாய் என்ற மேல்வரம்பும் இருந்தது. 2020இல் ரூபே டெபிட் கார்டுக்கு இக்கட்டணம் நீக்கப்பட, கடன் கார்டுகளோ இவ்வரம்புகளுக்கு வெளியிலேயே விடப்பட்டன.